நனைத்த மல்லாட்டை

எங்கள் பக்கத்தில் யாரும் நிலக்கடலை என்று சொல்லமாட்டார்கள். வேர்க்கடலை என்பது பட்டணத்துப் பேச்சு. திருவண்ணாமலை, செங்கம், சேத்துப்பட்டு தொடங்கி விழுப்புரம் வரைக்கும் அது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை ஆனது. அதுவும் தேய்ந்து மல்லாட்டை. பெயரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரம் ஒளிந்திருக்கிறது. செடியின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. புகுந்த வீடுகள் பல. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒன்று நம் ஆற்காட்டுச் சீமை, இன்னொன்று ஆப்பிரிக்கா.

இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. அப்பாவுக்குப் புதுச்சேரியில் உத்தியோகம் என்பதால் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புவியியல் பாடத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விளைபொருளை மனப்பாடம் செய்ய வேண்டும். செனகால் என்றால் ‘அரஷீத்’. வாத்தியார் ஒரு படம் காட்டினார். காவோலாக் என்ற ஊரில் ஏதோ ஒரு காயைக் குன்று போலக் குவித்து, அதன்மேல் மூட்டை தூக்கிக்கொண்டு ஆட்கள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். அரஷீத் என்பது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவில் விளையும் ஏதோ ஒரு சரக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். விடுமுறைக்கு விழுப்புரத்தில் ரயில் மாறி, காட்பாடி பாசஞ்சரில் திருவண்ணாமலை வந்து இறங்கி, மாட்டுவண்டியில் ஆயா வீட்டுக்குப் போனால் வாசலில் கொட்டிக் கிடப்பதும் அதே அரஷீத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆயா வீட்டில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாலை வேளையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பார்கள். கடலை மிஷின் வந்து பல வருஷம் ஆகியும் கையால் உடைப்பது முழுவதும் நிற்கவில்லை. வியாபாரிக்குப் போகும் காயென்றால் முதலில் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து உடைத்தால் ஓடு மெத்தென்று பிளக்கும், விரல் நோகாது, பருப்பும் இரண்டாக உடையாது. விதைக்கு உடைப்பதென்றால் கதையே வேறு. அந்தக் காய்மேல் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஆயாவுக்குக் கோபம் வந்துவிடும். காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு கலகலவென்று ஆடினால்தான் கூடையில் சேரும்.

“இதுக்கு மட்டும் ஏன் ஆயா நனைக்கிற?” என்று கேட்டேன்.

“அது செட்டியாருக்குப் போறது. காஞ்சிருந்தா மட்டும் கூடவா குடுத்துடப் போறாரு?” என்றாள்.

அந்தப் பதிலுக்குள் ஒரு நூறு வருஷத்துக் கதை இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

கதை மார்சேயில் ஆரம்பிக்கிறது. தெற்கு பிரான்ஸில் உள்ள அந்தத் துறைமுகத்தின் சோப்பு உலகப் பிரசித்தம். 1688-ஆம் வருஷத்து அரசாணைப்படி அங்கே சுத்தமான ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறெதையும் சோப்புக்குச் சேர்க்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை. மலிவான எண்ணெய் வித்தைத் தேடிக் கப்பல்கள் புறப்பட்டன. 1840-களில் செனகாலிலிருந்து கடலை போய் இறங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் போக ஆரம்பித்தது. புதுச்சேரிக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த நிலம் கொஞ்சம்தான். சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட தென்னாற்காடு மாவட்டம். பழைய அறிக்கைகளைப் படிக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1911 வரை நம் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் வடாற்காட்டோடு சேர்த்தார்கள். ஆகவே அந்த அறிக்கைகளில் ‘தென்னாற்காட்டுக் கடலை’ என்று வருமிடங்களில் நம்முடையதும் அடக்கம்.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் அதற்கு முன்பே ஓர் உறவு உண்டு என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். புதுச்சேரியில் நெய்து அவுரிச்சாயம் ஏற்றிய நீலத்துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது செனகால் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே கருவேலம்பிசின் வாங்கப் பணத்துக்குப் பதிலாகச் செலாவணி ஆயிற்று. நம் தறியில் நெய்த துணி அவர்களுக்குக் காசு. பிற்பாடு இருவரும் ஒரே சரக்கை ஒரே துறைமுகத்துக்கு அனுப்பிப் போட்டியாளர்கள் ஆனோம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் ஓட ஆரம்பித்தது. அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்துக்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வடக்கே மீட்டர்கேஜ் பாதையும் வந்துவிட்டது. கம்பும் கேழ்வரகும் விளைந்த செம்மண் கொல்லைகளில் கொடிக்கடலை பரவியது. ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் பிடுங்குவார்கள். மூட்டைகள் வண்டியிலும் ரயிலிலும் புதுச்சேரி போய்ச் சேரும். அங்கே கப்பல் கரைக்கு வராது. 1866-இல் கட்டிய இரும்புப் பாலத்தின்மேல் கூலிகள் மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சலங்குப் படகில் இறக்கி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கு ஏற்றுவார்கள். அந்தப் பாலத்தை 1952-ஆம் வருஷப் புயல் கொண்டுபோய்விட்டது. நான் சிறுவனாகப் பார்த்தது கடலுக்குள் நின்ற அதன் மிச்சங்களைத்தான்.

ஒரு விவசாயிக்கும் மார்சே ஆலைக்கும் நடுவில் எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஊரில் ஒரு சில்லறை வியாபாரி. அவருக்கு மேல் டவுனில் மண்டிக்காரர். அவருக்கு மேல் தரகர். அவருக்கு மேல் புதுச்சேரி கம்பெனி. அதற்கு மேல் மார்சேயில் இறக்குமதி செய்பவர். அதற்கும் அப்பால்தான் ஆலை. பணம் மேலேயிருந்து முன்பணமாக இறங்கும். கம்பெனி தரகருக்குக் கொடுக்கும், தரகர் மண்டிக்காரருக்கு, மண்டிக்காரர் ஊர் வியாபாரிக்கு, அவர் ஆடி மாதத்தில் விதைக்கும் வயிற்றுக்குமாக விவசாயிக்கு. ஆடியில் வாங்கியவன் கார்த்திகையில் வேறு யாருக்கும் விற்க முடியாது. விலை எவ்வளவு என்பதையும் கொடுத்தவர்தான் சொல்வார். இதைத் தவிர எடையில் சாக்குக் கழிவு, மண் கழிவு, மாதிரி பார்க்க ஒரு கை, தரகு, கோயில் மகமை என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிரும்.

முன்பணத்தை ஒரேயடியாகத் திட்டுவதற்கில்லை என்பது என் அபிப்பிராயம். அது இல்லாவிட்டால் அந்த வறண்ட கொல்லைகளில் பணப்பயிர் என்று ஒன்று வந்திருக்கவே முடியாது. ஆனால் அதனால் ஒரு காரியம் நடந்தது. சரக்கின் தரத்தைப் பற்றிய சேதி மேலேயிருந்து கீழே வராமல் நின்றுபோயிற்று.

மார்சேயில் நம் கடலைக்கு ‘கொரமாண்டல்’ என்று பெயர். செனகாலிலிருந்து போவதில் ருஃபிஸ்க் துறைமுகத்துச் சரக்குக்கு நல்ல மதிப்பு. அவர்கள் ஓட்டோடு அனுப்பினார்கள். ஓடு என்பது கடவுள் கொடுத்த பெட்டி. உள்ளே பருப்பு கெடாது. அதை ஆட்டினால் சாப்பாட்டு எண்ணெய் கிடைக்கும். நம்முடையது தூரம் அதிகம், கப்பல் கூலி அதிகம். ஓட்டோடு அனுப்பினால் 100 கிலோவில் 30 கிலோ வெறும் ஓட்டுக்கே கூலி கட்ட வேண்டும். ஆகவே உடைத்துப் பருப்பாக அனுப்பினோம். உடைப்பதற்கு நனைத்தோம். ஈரத்தோடு குவித்துத் தடியால் அடித்து உடைத்த பருப்பு, சாக்குக்குள் வெந்து, கப்பலின் அடியறையில் வாரக்கணக்கில் புழுங்கி, மார்சே போய்ச் சேரும்போது காறல் வாடை அடிக்கும். அமிலம் ஏறிய எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும். விலையும் அதற்குத் தக்கபடி. ஒரே செடியில் விளைந்த காய் அங்கே மேஜைக்குப் போயிற்று. நம்முடையது துணி துவைக்கப் போயிற்று.

நனைக்காதீர்கள் என்று சர்க்கார் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் சொல்லாமலில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பருப்பில் 4 கிலோ தண்ணீர் ஏறினால் 104 கிலோ. ஊர் வியாபாரி எடைக்குத்தான் காசு கொடுப்பார். அவரும் மண்டிக்கு எடைக்குத்தான் விற்பார். புதுச்சேரி வரைக்கும் ஒவ்வொரு கைக்கும் ஈரம் லாபம். நஷ்டம் தெரிவது மார்சேயில். அந்த நஷ்டத்தை ஆலைக்காரர் மொத்தக் கொரமாண்டல் விலையிலும் கழித்துவிடுவார். காயவைத்து அனுப்பினவனுக்கும் அந்தக் கழிவு, நனைத்து அனுப்பினவனுக்கும் அதே கழிவு. அப்புறம் எவன் காயவைப்பான்? ஆயா சொன்னது இதைத்தான். அவளுக்கு விவரம் தெரியாமல் இல்லை. விதைக்கடலையை அவள் உடைத்த விதமே அதற்குச் சாட்சி.

இன்னொரு சங்கதி. கடலையை எண்ணெயாக்கி அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். பிரான்ஸ் தன் ஆலைகளைக் காப்பாற்ற வித்தைச் சுங்கமில்லாமல் உள்ளே விட்டது. எண்ணெய்க்கு வரி போட்டது. அதனால் செக்கு இங்கே இருந்தும் பிரயோஜனமில்லை. எண்ணெயோடு புண்ணாக்கும் சேர்ந்து கடல் தாண்டிப் போயிற்று. புண்ணாக்கு மாட்டுக்குத் தீனி, மாட்டுச்சாணம் கொல்லைக்கு எரு. அந்தச் சுழற்சி அறுந்துபோயிற்று. இந்திய விவசாயத்தைச் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை வெளியிட்ட டாக்டர் வோல்க்கர் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர், எண்ணெய் வித்தை ஏற்றுமதி செய்வது மண்ணின் சத்தையே ஏற்றுமதி செய்வது என்ற கவலையை அப்போதே எழுதிவைத்தார். இப்போது ‘நிலைத்த வேளாண்மை’ என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். விஷயம் பழையது.

1890-களில் அடி விழுந்தது. விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது, பயிரிட்ட பரப்பும் சரிந்தது. ஒரே கொல்லையில் ஓயாமல் கடலை, இலைப்புள்ளி நோய், வறட்சி. எல்லாவற்றையும் விட விதை இளைத்துப் போயிருந்தது. ஒவ்வொரு வருஷமும் நல்ல காயை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, கடன்பட்டவன் மிச்சத்தையோ வியாபாரி கொடுத்ததையோ விதைத்துக்கொண்டிருந்தால் விதை என்னவாகும்? அந்தச் சமயத்தில் கைகொடுத்தது ஆப்பிரிக்கா. மொசாம்பிக்கிலிருந்தும் செனகாலிலிருந்தும் புது விதை வரவழைத்தார்கள். மொசாம்பிக் விதைக்கு நம் ஊரில் ‘மொரீஷியஸ்’ என்று பெயர் ஏற்பட்டுவிட்டது. அந்த விதை பிடித்துக்கொண்டது. 1900-களின் ஆரம்பத்தில் தென்னாற்காடு மறுபடி எழுந்து நின்றது.

அதோடு முடியவில்லை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் இரண்டு ரகங்கள் வந்தன. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்துக்குத் திண்டிவனம் என்று அர்த்தம். டி.எம்.வி. 2 என்பது குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்தது. எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் ஐம்பது வருஷத்துக்கு மேல் அதுதான் ராஜா. டி.எம்.வி. 1 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவின் ‘சாலும்’ என்ற கொடிக்கடலையிலிருந்து. சாலும் என்பது செனகாலில் ஓர் ஆறு, ஒரு சீமை. என் வாத்தியார் படத்தில் காட்டிய காவோலாக் அந்தச் சாலும் ஆற்றங்கரை ஊர்தான். அந்தப் படத்தில் இருந்த குன்றும் என் ஆயா வாசலில் இருந்த குவியலும் அக்கா தங்கை என்று சொன்னால் மிகையில்லை.

அங்கே அந்தக் குன்றைக் குவித்தவர்கள் கதி என்ன என்று பிற்காலத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். பெயர்களை மாற்றினால் நம் கதை. டாக்கர்–சேன் லூயி ரயில் 1885-இல் வந்ததும் கடலை உள்நாட்டுக்குள் ஓடியது. தரிசு விட்டு, மாடு மேய்த்து, தினை விதைத்த சுழற்சி குலைந்தது. மணல் கலந்த மண் இளைத்தது. 1910 முதல் சர்க்கார் ‘முன்னெச்சரிக்கைச் சங்கங்கள்’ என்று ஏற்படுத்தி விதையைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் வட்டியோடு திருப்பி வாங்கிற்று. 1960-இல் சுதந்திரம் வந்த பிறகு கூட்டுறவு வந்தது. 1966-இல் ஒன்காட் என்ற அரசு நிறுவனம் விதை, உரம், ஏர்க்கருவி, கொள்முதல் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. இடைத்தரகர் ஒழிந்தார் என்று சொன்னார்கள். தரகர் நாற்காலியில் குமாஸ்தா உட்கார்ந்தார். நானும் குமாஸ்தாதான், சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிரான்ஸ் கொடுத்துவந்த கூடுதல் விலை 1960-களின் இறுதியில் நின்றதும் பாரம் முழுவதும் விவசாயியின் தலையில் விழுந்தது. அவர்கள் கடலையை விட்டுத் தினைக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். 1980-இல் ஒன்காட் கலைக்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் கொள்முதல் ஏற்பாடு மறுபடி குழம்பியபோது, கடலையைப் போட்ட விவசாயிகள் கையில் பணத்துக்குப் பதில் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு மாற்றப்படாமல் பலர் அலைந்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் செய்ததையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்து எண்ணெய்ப் பஞ்சம். சிறு விவசாயியே வேண்டாம், நாமே விளைவித்துவிடலாம் என்று தாங்கனீக்காவில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் கடலை போடத் திட்டம் தீட்டினார்கள். போர் டாங்கிகளை டிராக்டராக மாற்றிக் கொண்டுபோய்க் காட்டை வெட்டினார்கள். கோங்வாவில் மழை நின்றதும் களிமண் செங்கல்லாக இறுகி, காயைப் பிடுங்க முடியவில்லை. 1951-இல் கைவிட்டபோது 3 கோடியே 60 லட்சம் பவுண்டு வாராக்கடன். நம் ஊரில் கேட்டிருந்தால், களியில் மல்லாட்டை போடாதே என்று ஆடு மேய்க்கும் பிள்ளை சொல்லியிருப்பான்.

நம் பக்கம் திரும்புவோம். 1914-இல் போர் வந்து மார்சேக்குக் கப்பல் நின்றதும் கடலை மண்டிகளில் தேங்கியது. 1930-இல் உலக மந்தம் வந்தபோது விலை பாதிக்கும் கீழே போயிற்று. முன்பணம் வாங்கினவர்கள் நிலத்தையே எழுதிக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1933-ஆம் வருஷத்துச் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். ராயல் விவசாயக் கமிஷன் 1928 அறிக்கையில் சொன்ன யோசனை அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாற்காட்டில் கடலைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. முத்திரையிட்ட தராசு, துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசாமல் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலம், மகமையும் மாதிரிக் கையும் கிடையாது, காசு அன்றைக்கே. நம் மாவட்டத்தில் இப்போது திருவண்ணாமலை, சேத்துப்பட்டு, போளூர், வந்தவாசி என்று பல இடங்களில் இருப்பவை அந்த வம்சம்தான்.

இது பெரிய காரியம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஏனென்றால் எடைத்திருட்டை ஒழித்தது. ஆனால் ஈரத்தை ஒழிக்கவில்லை. அதற்குள் ஏற்றுமதியும் குறைந்து, கடலை உள்ளூர்ச் செக்குக்கும் வனஸ்பதி ஆலைக்கும் போக ஆரம்பித்திருந்தது. வனஸ்பதி ஆலையில் எப்படிப்பட்ட எண்ணெயையும் சுத்திகரித்து வாடையை எடுத்துவிடுவார்கள். நனைத்த பருப்பு அங்கே பெரிய குற்றமில்லை.

1980-களில் இப்படி ஒரு கூடத்தில் சில காலம் கணக்கு எழுதினேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு வருஷம் தை மாதம். ஒரு பெரியவர் எட்டு மூட்டை கொண்டுவந்தார். பருப்பைக் கையில் அள்ளினால் கண்ணாடிக்கல் மாதிரி சலசலத்தது. பக்கத்து லாட்டில் மிஷினில் தண்ணீர் தெளித்து உடைத்த பருப்பு; கை வைத்தால் குளிர்ச்சி தெரியும், ஆனால் பார்வைக்கு ஒன்றுகூட உடையாமல் கொழுகொழுவென்று இருந்தது. ஏலச்சீட்டைப் பிரித்தோம். இரண்டுக்கும் ஒரே விலை, பெரியவருடையதற்கு ஒரு ரூபாய் குறைவு என்றுகூட ஞாபகம். காய்ந்த பருப்பில் கொஞ்சம் இரண்டாக உடைந்திருந்ததாம். ஈரம் அளக்கும் கருவி பீரோவில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கலாமே என்று மேலே இருந்தவரிடம் சொன்னேன். ‘வியாபாரிகள் வராமல் போய்விடுவார்கள், உமக்கெதற்கு’ என்று பதில் வந்தது. நானும் பேசாமல் போய்ப் பதிவேட்டில் எழுதினேன். பெரியவர் காசை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, “நாலு நாளு வெயில்ல காய வெச்சது தப்பா சார்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் சரக்கு எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, மாற்றலாகிவிட்டேன். பார்க்க வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கடலைப்புண்ணாக்கு தின்று செத்தன. ஆராய்ந்ததில் ஈரக்கடலையில் வளரும் ஒரு பச்சைப் பூஞ்சணத்தின் விஷம் என்று தெரிந்தது. அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். ஈரலைத் தின்னும் விஷம். அதுவரை காறல் என்பது விலைப் பிரச்சினை. அதற்குப் பிறகு உயிர்ப் பிரச்சினை. ஐரோப்பா வரம்பு போட்டது. வரம்பைத் தாண்டிய சரக்குக்குக் கதவு மூடியது. நனைத்து உடைக்கும் ஊர்களிலெல்லாம் பிடித்து ஆட்டியது.

அப்படி ஆடிப்போன நாடுகளில் ஒன்று மலாவி. தாங்கனீக்காவுக்குத் தெற்கே, மொசாம்பிக்கை ஒட்டிய சிறு நாடு. கடலை அங்கே பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் பெண்களின் பயிர். அவர்களும் கையால்தான் உடைக்கிறார்கள். உடைப்பதற்கு முன் என்ன செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீரில் நனைக்கிறார்கள்! அதே காரணம்: விரல் நோகாது, எடை கூடும், வாங்குகிறவன் கேட்பதில்லை. 1980-களுக்குப் பிறகு அவர்களுடைய ஐரோப்பிய ஏற்றுமதி தேய்ந்ததற்கு இந்த விஷம் ஒரு முக்கியக் காரணம்.

அங்கே 1997-இல் நாஸ்ஃபாம் என்ற சிறு விவசாயிகள் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் உபதேசத்தோடு நிற்கவில்லை. கையால் சுற்றும் உடைப்பான் கொடுத்தார்கள். உடைத்த பருப்புக்குப் பதில் ஓட்டோடு காயாக வாங்கும் ஏற்பாட்டுக்கும் முயன்றார்கள். ஓட்டோடு வாங்கினால் நனைக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் 1972 முதல் இருக்கும் இக்ரிசாட் நிலையம், விஷத்தைக் குறைந்த செலவில் சோதிக்கும் முறையைக் கொடுத்தது. சோதித்த சரக்குக்கு இங்கிலாந்தில் நியாய வர்த்தக முத்திரையோடு விலை கிடைத்தது. அங்கே 2007-இல் தொடங்கிய லிபரேஷன் என்ற கொட்டைப்பருப்புக் கம்பெனியில் விவசாயிகளுக்கே பங்கு உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சங்கம் வாங்குவது கொஞ்சம். மிச்சத்தை இன்னும் சைக்கிளில் வரும் சில்லறை வியாபாரி நனைத்ததையும் காய்ந்ததையும் ஒரே விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார். அவர் கையில் காசு அப்போதே இருக்கிறது. சங்கத்தின் காசு சில சமயம் தாமதமாக வருகிறது. நம் முன்பணக் கதைதான்.

விதையும் அங்கே போயிருக்கிறது. மஹாராஷ்டிரத்தில் ஜல்காவ்ன் நிலையம் பொறுக்கி எடுத்த ஜே.எல். 24 என்ற ரகத்தை மலாவியில் ‘காகோமா’ என்றும் ஜாம்பியாவில் ‘லுவேனா’ என்றும் பெயர் வைத்து விதைக்கிறார்கள். அந்த ரகத்தின் தாய் தைவானிலிருந்து வந்தது. மொசாம்பிக்கிலிருந்தும் செனகாலிலிருந்தும் நாம் வாங்கிய கடனுக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

போன கார்த்திகையில் தீபத்துக்கு மறுநாள் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தார்ச்சாலை ஓரத்தில் மல்லாட்டையைக் கொட்டித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அண்ணன் மகனிடம் நனைத்து உடைப்பதைப் பற்றிக் கேட்டேன். “மிஷின்காரரே ராத்திரி தண்ணி அடிச்சு வெச்சுடறாரு சித்தப்பா. இல்லன்னா பருப்பு ஒடயுது, கமிஷன்ல வெல கொறைக்கிறாங்க” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, மிட்டாய்க் கம்பெனி ஒன்று இந்த வருஷம் ஆள் அனுப்பிக் காயாகவே எடுத்துக்கொண்டதாகவும், ஈரம் பார்த்து, காய்ந்ததற்கு மூட்டைக்குக் கூட்டிக் கொடுத்ததாகவும் சொன்னான். ஊரில் ஏழெட்டுப் பேர் அதற்காக இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்தார்களாம். அடுத்த வருஷமும் அந்த ஆள் வருவாரா என்பதுதான் இப்போது ஊர்ப்பேச்சு.

மாடியில் இரண்டு மூட்டை தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். “அது வெத சித்தப்பா, கீழ போட்டுடாதீங்க” என்றான்.